அம்மா எதிர்த்துப் பேசாத நாள்

என் அம்மா எஃபியை இந்தப் பிப்ரவரியில் அடக்கம் செய்தோம். கல்லறைத் தோட்டம் கடலோர மணல்மேட்டில் இருக்கிறது; காற்றில் போதகரின் ஜெபம் பாதிதான் கேட்டது. வந்தவர்களில் ஒருவரும், வரப்போவதை முன்பே காணும் அவளுடைய பார்வையைப் பற்றிப் பேசவில்லை. உயிரோடு இருந்தபோதும் பேசியதில்லை. சாலையில் நடந்துகொண்டிருப்பவள் திடீரென்று புல்தரையில் ஒதுங்கி, கண்ணுக்குத் தெரியாத யாருக்கோ வழிவிட்டு நிற்பாள். எதிரே வருபவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவளோடு நிற்பார்கள். சில நாளில் அதே வழியாக ஒரு சவப்பெட்டி போகும். எங்கள் தீவில் இதற்கு விளக்கம் கேட்பவர்கள் கிடையாது. வரம் என்று நினைப்பவர்களும் கிடையாது.

அப்பா லாக்லன், கடலில் கூண்டு இறக்கிச் சிங்கி இறால் பிடிப்பவர். அவர் பெண் கேட்டு வருவதற்கு வெகுநாள் முன்பே அம்மா அவரைக் கண்டிருந்தாள். முன்பின் அறியாத ஒரு சமையலறையில், தன் கையால் அவருக்குக் கஞ்சி ஊற்றுவதாகத் தெரிந்ததாம். பிறகு அவர் வாசலில் வந்து நின்றபோது, மறுக்கவும் செய்யலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கல்யாணமான முதல் குளிர்காலத்தில், ஏதோ வேடிக்கை சொல்வதுபோல இதை அவரிடமே சொல்லிவிட்டாள். அதன் பிறகு அந்த வீட்டில் அன்பு என்று ஒன்று தலைகாட்டவில்லை.

“தபால்காரன் குடுத்த பார்சல் மாதிரி என்னை வாங்கி வெச்சுக்கிட்ட,” என்பார் அப்பா.

“திருப்பி அனுப்ப விலாசம் இல்லையே,” என்பாள் அம்மா.

இந்தப் பேச்சோடுதான் நான் வளர்ந்தேன். உருளைக்கிழங்கு வேகவில்லை என்பார் அவர். உன் பல்லுக்கு எதுதான் வெந்திருக்கிறது என்பாள் இவள். ஒரு சொல்லுக்குக்கூட இருவரும் மற்றவரிடம் கடன் வைத்ததில்லை.

நான் கிளாஸ்கோவில் கல்லூரி முடிக்கும் தறுவாயில், கோடை விடுமுறைக்கு வந்திருந்தேன். அடுப்பெரிக்க வெட்டிப்போட்ட சதுப்புமண் கட்டிகளை அம்மாவும் நானும் மேட்டில் காயவைத்துக்கொண்டிருந்தோம். நிமிராமலே சொன்னாள்.

“உங்கப்பா மேல துணி சுத்தியிருக்கு. முழங்கால் வரைக்கும்.”

சவத்துணியைத்தான் சொன்னாள். சாகப்போகிறவர்கள் மேல் அது காலிலிருந்து ஏறும். கழுத்தைத் தொட்டால் முடிந்தது. இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

“அவர்கிட்ட சொல்லிடும்மா. டாக்டரையாவது பாக்கட்டும்.”

“பக்கத்து வீட்டு ரோரிக்குத் துணி ஏறினப்ப சொன்னேனே. கடலுக்குப் போகாதேன்னேன். போகலை. கட்டில்ல படுத்து, பயந்து பயந்து செத்தான். சொன்னதுதான் அவனுக்கு நான் பண்ணின கெடுதல். உங்கப்பாவுக்கு அது வேண்டாம். தெரியாம இருக்கட்டும். இருக்கற வரைக்கும் மனுஷனா இருக்கட்டும்.”

“அப்ப கொஞ்சம் நல்லபடியா பேசேன் அவர்கிட்ட.”

அம்மா மண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நீ காலேஜ்ல என்னத்தடி படிக்கறே? நான் ஒரு வேளை நல்லபடியா பேசினா அந்த வேளையே அவருக்குத் தெரிஞ்சுபோயிடும்.”

அதனால் அந்தக் கோடை முழுவதும் திட்டினாள். ஈர பூட்ஸுக்குத் திட்டினாள், புகையிலைக்குத் திட்டினாள், அவர் வீட்டுக்குள் வந்ததற்கும் வெளியே போனதற்கும் திட்டினாள். அப்பாவும் உற்சாகமாகத் திருப்பிக் கொடுத்தார். அவர் படகுக்குப் போன பிறகு அம்மா மாட்டுக்கொட்டிலுக்குள் போவாள். திரும்பி வரும்போது முகம் கழுவியிருப்பாள். துணி எங்கே இருக்கிறது என்று நான் கேட்பதில்லை. அவள் அவரைப் பார்க்கும் பார்வை எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை மட்டும் கவனித்தேன். அது ஏறிக்கொண்டே வந்தது.

ஆகஸ்டு கடைசியில் ஒரு காலை. அப்பா ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“கடல் தண்ணியையே கொட்டியிருக்கியா? இதைக் குடிச்சா செத்தே போயிடுவேன்.”

வேறு எந்த நாளாக இருந்தாலும் அம்மா, சாவுக்கு உன்னை வேண்டாமாம் என்றோ, அதற்குள் கூண்டையெல்லாம் கழுவிவைத்துவிடு என்றோ சொல்லியிருப்பாள். அன்று அவள் பானையின் மேல் குனிந்தபடியே இருந்தாள். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். அப்பா கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். பிறகு அதைச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தார்.

“எவ்வளவு தூரம் ஏறிடுச்சு?”

அம்மா திரும்பி, தன் மார்பில் கையை வைத்துக் காட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். “ஒண்ணு சொல்லு. நீ பாத்தியா, இல்ல ஆசைப்பட்டியா?”

“தெரியலை, லாக்லன்,” என்றாள் அம்மா. “அதைத்தான் நானும் ராத்திரியெல்லாம் கேட்டுக்கறேன்.”

நான் கிளாஸ்கோவுக்குத் திரும்பவில்லை. அப்பா அதன் பிறகு படகு எடுக்கவில்லை. கூண்டுகளைக் கரையேற்றி வீட்டுச் சுவரோரம் அடுக்கினார். அவர் அம்மாவிடம் நன்றி என்றார். அம்மா அவரிடம் இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்றாள். ஒருவருக்கொருவர் கதவைத் திறந்துவிட்டார்கள், நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்கள். சாவு வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைப்போல இருவரும் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. விறகுக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன்.

அக்டோபரில், வெளியே கூண்டுகளின் பக்கத்தில் விழுந்து இறந்துபோனார். இதயம் என்றார் டாக்டர். அவர் கேட்ட கேள்விக்கு அம்மா கடைசிவரை பதில் கண்டுபிடிக்கவில்லை. ஆசைப்பட்டிருப்பேனோ என்று எண்பது வயதிலும், அடுப்பைக் கிளறிக்கொண்டே கேட்பாள். இல்லை என்பேன். உனக்கென்ன தெரியும் என்பாள். அப்பா இறந்த பிறகு அவள் யாரையும் முகத்துக்குக் கீழே பார்த்ததில்லை.

அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு நடந்ததுதான் எனக்கு இப்போது திரும்பத் திரும்ப வருகிறது. மாலையில் அம்மா டீ கொடுத்தாள். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, பழைய குரலை எங்கிருந்தோ தேடி எடுத்து வந்தார்.

“ஆறிப்போன டீ. இத்தனை வருஷத்துல இதுகூட உனக்கு வரலை.”

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். அப்படிக் கெஞ்சலாக அவர் யாரையும் பார்த்து நான் கண்டதில்லை. ஏதாவது சொல்லேன் அம்மா, ஒரு வார்த்தை திட்டேன் என்று நான் உள்ளுக்குள் மன்றாடினேன். அவள் உதடு அசைந்தது. முயன்றாள், முயன்றதை நான் பார்த்தேன்.

“வேற போட்டுத் தரேன்,” என்றாள்.

அப்பா கோப்பையின் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

“வேண்டாம்,” என்றார். “நல்லாத்தான் இருக்கு.”