இரண்டாவது பிடி

போன வாரம் தென்காசிக்குப் போன காரியம் முடிந்ததும், குற்றாலம் போகும் வழியில் இறங்கி வரப்போரமாக நடந்து அந்தப் பழைய கோயிலுக்குப் போனேன். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குச் சர்ச்சும் கோயில்தான். கதவு பூட்டியிருந்தது. எனக்கு அது புதிதில்லை.

யுத்த காலத்தில் அதன் பக்கத்தில்தான் குடியிருந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள் கணவர் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனார். கொஞ்ச நாள் கடிதம் வந்தது. பிறகு நின்றுபோனது. பேச ஆளில்லாமல் அடுப்பைத் திட்டிக்கொண்டே சமைப்பேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதே வீட்டில் ஆளுக்கு ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனிக் கலயத்தில் போடுவோம். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் வாசலில் இருக்கும் ஓலைப்பெட்டியில் கொட்டுவோம். நான் இரண்டு பிடி போட்டேன்.

சபையை நடத்தும் உபதேசியாரின் மனைவி என் கலயத்தை எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, ஒத்த ஆளுக்கு எதுக்கு ரெண்டு பிடி? நீ சாப்பிடாண்டாமா?"

"நாங்க ரெண்டு பேருல்லா."

நல்ல மனுஷிதான். ஆனாலும் அந்த 'ஒத்த ஆள்' என்ற சொல்லில் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

ஒரு வாரம் ரேஷன் கடைக்கு அரிசி வரவில்லை. பசி பொறுக்காமல் அந்த வாரம் முழுக்க ஒரு பிடிதான் போட்டேன். ஞாயிறன்று பெட்டியில் கொட்டியபோதுதான் உறைத்தது. வீட்டில் ஒரு ஆள்தான் என்று நானே சொல்லிவிட்டேன். கணவரை நானே கொன்றுவிட்ட மாதிரி இருந்தது.

ஆராதனை முடிந்ததும் சாரலில் வீட்டுக்கு ஓடி, பானையில் மிச்சமிருந்த அரிசியை அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பினேன். அதற்குள் கோயிலைப் பூட்டிவிட்டார்கள். மலை மேகத்துக்குள் போயிருந்தது. வயலில் ஒரு ஆள் இல்லை. கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அரிசியைப் படியிலேயே கொட்டினேன். மழையில் அது வரப்பு வரைக்கும் ஓடியது. அன்றைக்குப் பட்டினி.

மாதங்கள் கழித்துச் சர்க்கார் கடிதம் வந்தது. உபதேசியார் வாசித்துச் சொன்னார். என் கணவர் இறந்த தேதியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கு மூன்று மாதம் முந்திய தேதி.

அப்படியானால் நான் கொல்லவில்லை. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. எத்தனையோ ஞாயிறு முழங்காலில் நின்றுவிட்டேன், அந்த நிம்மதிக்கு மட்டும் இன்னும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.