எஸ்தர் ஆன்ட்டி நடத்திய இரண்டு கடைகள்

எஸ்தர் ஆன்ட்டி இறந்த செய்தி நம் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் வேதியியல் செய்முறைத் தேர்வுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்பருகே நின்றபடி வாசித்துச் சொன்னார். அந்தச் செய்திக்குக் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. பிறகு யாரோ ஒருவர், 'அந்த மீன்குழம்பை மறக்க முடியுமா' என்று எழுதினார். அதற்குப் பிறகு ஒருவரும் எஸ்தர் ஆன்ட்டியைப் பற்றி எழுதவில்லை. எல்லோரும் மீன்குழம்பைப் பற்றியே எழுதினார்கள்.

நான் தேர்வு முடிந்து திரும்புவதற்குள் அவருடைய அண்ணன் திருநெல்வேலியிலிருந்து போனிலேயே பேசி, உடலைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்துவிட்டார். உலகத்தில் எந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்று ஆன்ட்டி இத்தனை காலம் பிடிவாதமாக இருந்தாரோ, அந்த வீட்டின் கூடத்தில்தான் அவரைக் கிடத்தினார்கள். போட்டோவும் நம் குழுவில் வந்தது.

நம் சங்க மலரில் இதை வாசிக்கும் புதிய குடும்பங்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆன்ட்டியின் கணவர் தேஹு ரோட்டில் ராணுவக் கிடங்கில் எழுத்தராக இருந்தவர். அவர் இறந்ததும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, ராணுவக் குடியிருப்புகளை ஒட்டிய வானவடியில் எங்கள் கட்டடத்தின் ஒற்றை அறை ஒன்றுக்கு ஆன்ட்டி வந்தார். பிள்ளைகள் கிடையாது. குடும்ப ஓய்வூதியம் சாப்பாட்டுக்குப் போதும்; வானவடி வாடகைக்குப் போதாது. அண்ணன் ஊருக்கு வந்துவிடச் சொல்லிப் போன் செய்துகொண்டே இருந்தார். அவர் வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. பேரப்பிள்ளைகள் நிறைய. சமையலுக்கு வந்த பெண் அப்போதுதான் நின்றிருந்தாள்.

"எங்கண்ணனுக்குத் தங்கச்சி வேண்டாம்ட்டி. சம்பளம் கேக்காத ஆளு வேணும்" என்று ஆன்ட்டி என்னிடம் சொன்னார். வானவடியில் ஒரு கடை வைத்து, அதன் வருமானத்தில் தன் அறைக்கு வாடகை கொடுத்தால் அவர் இங்கே இருக்கலாம். இல்லையென்றால் அண்ணனின் அடுக்களை. அவருக்கு இருந்த வழி இவ்வளவுதான்.

வாடகை குறைந்த ஏதாவது இடத்துக்குப் போகலாமே என்று என் அப்பா கேட்டார். "வாடகை கம்மியான எடத்துல எல்லாரும் என்னைப் போலத்தான் இருப்பாங்க தம்பி. அங்க யாரு, யாருகிட்ட வாங்குவா?" என்றார். அப்பா யோசித்துப் பார்த்துவிட்டு, அதுவும் சரிதான் என்றார்.

முதல் கடை சாப்பாட்டுக் கடை. அதை ஆன்ட்டி தேர்ந்தெடுக்கவில்லை, நாம் தேர்ந்தெடுத்தோம். கிறிஸ்துமஸ் கூடுகை, பொங்கல் விழா, யார் வீட்டு நிச்சயதார்த்தம் என்றாலும் அவர்தான் சமைத்தார். சாப்பிட்ட எல்லோரும் கை கழுவுகிற இடத்தில் நின்று, "நீங்க ஒரு கடை போடுங்கக்கா, நாங்கல்லாம் இருக்கோம்" என்று சொன்னோம். சங்கச் செயலாளர் செல்வராஜ் அங்கிள் மைக்கிலேயே சொன்னார். ஆன்ட்டி தன் கணவர் இறந்தபோது வந்த பணத்தில் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்து, மெயின் ரோட்டில் கடை பிடித்தார்.

திறப்பு நாளில் எல்லோரும் வந்தோம். போதகர் ஜெபம் செய்தார். எல்லோரும் சாப்பிட்டார்கள். பணம் கொடுக்க வந்தவர்களிடம், முதல் நாளாயிற்றே என்று ஆன்ட்டி வாங்கவில்லை. அந்த ஒருநாள் மரியாதையில்தான் கடை செத்தது. மறுநாள் முதல் நம் ஆட்களுக்கு அந்தக் கடைக்குள் நுழைவது சங்கடமாகிவிட்டது. நம் அக்காவிடம் காசை நீட்டினால் அவரை அந்நியமாக்கியதுபோல் இருக்கும். நீட்டாவிட்டால் ஓசியில் தின்றதுபோல் இருக்கும். ஆகவே பலரும் எதிர்ச்சாரியில் நடக்கப் பழகிக்கொண்டார்கள். சங்கடம் இல்லாத சிலர், 'அம்மா கொஞ்சம் குழம்பு வாங்கிட்டு வரச் சொன்னாங்க' என்று பிள்ளைகளிடம் டப்பாவைக் கொடுத்து அனுப்பினார்கள். டப்பாவோடு காசு வந்ததில்லை.

வெளியாட்களும் வரவில்லை. இட்லி தோசைக்கு அந்த ரோட்டில் ஏற்கெனவே உடுப்பிக் கடைகள் உண்டு. ஆபீஸ் போகிறவர்கள் போனில் வரவழைத்தார்கள். ராணுவக் குடும்பத்துப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்து, மோமோ இருக்கிறதா என்று இந்தியில் கேட்டாள். இல்லை என்றதும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பை ஏதோ விபத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனாள். பருவமழை முடிவதற்குள் கடை மூடியது. முன்பணத்தில் பாதியை, சுவரில் எண்ணெய் படிந்துவிட்டது என்று சொல்லி உரிமையாளர் பிடித்துக்கொண்டார். அந்தக் கிறிஸ்துமஸுக்கும் ஆன்ட்டியையே சமைக்கச் சொன்னோம். அவர் சமைத்தார். கை கழுவுகிற இடத்தில் செல்வராஜ் அங்கிள், இந்தக் கைக்கு இன்னொரு கடை போடலாம் என்றார்.

"பந்தியில உக்காந்தவங்க பாராட்டுவாங்க, அண்ணே. ரோட்டுல நிக்கவங்கதான் வாங்குவாங்க" என்று ஆன்ட்டி பதில் சொன்னார். அங்கிள் அதையும் பாராட்டினார்.

இரண்டாவது கடைக்கு யாரிடமும் யோசனை கேட்பதில்லை என்று ஆன்ட்டி முடிவெடுத்திருந்தார். யோசனைகள் தாமாகவே வந்தன. ஒருவர் ஜூஸ் கடை என்றார். மழை பெய்கிற மாதங்களில் உங்கள் வீட்டில் யார் ஜூஸ் குடிக்கிறார்கள் என்று ஆன்ட்டி கேட்டதும் அவர் கோபித்துக்கொண்டு போனார். இன்னொருவர் தன் மகள் தொடங்கிய துணிக்கடையைப் போல ஒன்று என்றார். "அது கடையில்ல. அவ கண்ணாடி பாக்கதுக்கு வாடகை குடுக்கா" என்று ஆன்ட்டி அந்த மகளின் முன்பே சொன்னார். அந்தப் பெண் அழுதாள். அவள் கடை இன்று இல்லை என்பதால் ஆன்ட்டி சொன்னது நியாயம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர் நாக்கு அப்படித்தான். அதில் அவருக்குச் சந்தோஷமும் இருந்தது.

பகலெல்லாம் குடியிருப்பு வாசல்களுக்கு எதிரே, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து பார்த்தார். பள்ளி விட்டு வரும்போது நானும் புத்தகத்தோடு பக்கத்தில் உட்கார்வேன். வானவடியில் யாரும் ஒரே வீட்டில் நிலைத்து இருப்பதில்லை என்பதை அங்கேதான் அவர் கண்டார். ராணுவக் குடும்பங்களுக்கு மாற்றல் வந்துகொண்டே இருக்கிறது. மற்றவர்களுக்குப் பதினொரு மாத ஒப்பந்தம். அது முடிந்ததும் வாடகை ஏறும், அவர்கள் இறங்குவார்கள். எந்த நாளும் ஏதாவது ஒரு வாசலில் சாமான் லாரி நின்றது. பெயரும் பதவியும் வெள்ளையில் எழுதிய கறுப்புப் பெட்டிகளைப் பஞ்சாபிகளும் மலையாளிகளும் இறக்கினார்கள். மெத்தைகளை ஐ.டி. பையன்கள் இறக்கினார்கள். பெட்டிகள் உள்ளே போன பிறகு ஆன்ட்டி ஜன்னல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். பழைய வீட்டின் திரைச்சீலை புது ஜன்னலுக்கு ஒரு சாண் குறையும், இல்லையென்றால் தரையில் புரளும். அதுவரை ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டியிருக்கும். சில வீடுகளில் அந்தச் செய்தித்தாளோடே ஒப்பந்தம் முடிந்துவிடும்.

"தோசை வேண்டாம்னு சொல்ல ஆளு இருக்கு. ஜன்னல மூட வேண்டாம்னு சொல்ல ஆளு இல்ல. பஞ்சாபிக்கும் ஜன்னல்தான், பெங்காலிக்கும் ஜன்னல்தான்."

இரண்டாவது கடை இதுதான்: திரைச்சீலையை விற்பதல்ல, வெட்டியும் நீட்டியும் கொடுப்பது. போனில் வரவழைக்க முடியாத வேலை. கெட்டுப்போகிற சரக்கு இல்லை. நேராகத் தைக்கத் தெரிந்தால் போதும். முக்கியமாக, அதற்கு ஒரு தமிழர்கூட வர வேண்டியதில்லை. கடைக்கு அகலம் தேவையில்லை என்பதால், பக்கத்துக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்த இடத்தை வாடகைக்கு எடுத்தார். தையல் மெஷினும் அவரும் உள்ளே போனால் மூன்றாவதாக ஒரு பூனை நுழையலாம். திறப்பு விழா வைக்கவில்லை. நம்மை அழைக்கவில்லை. சிலருக்கு அதில் வருத்தம் உண்டு.

கடை ஓடியது. ஒரு காப்டனின் மனைவி கொண்டுவந்த திரையில் பழைய மடிப்புகளைப் பிரித்த தடங்கள் வரிவரியாக இருந்தன. இந்தத் துணி உங்களைவிட அதிகம் ஊர் பார்த்திருக்கிறது, இதற்கு ஓய்வு கொடுங்கள் என்று ஆன்ட்டி இந்தியில் சொன்னார். அந்த அம்மாள் சிரித்து, புதுத் துணி வாங்கி வந்து, பக்கத்து வீட்டுக்காரியையும் அழைத்து வந்தார். பேரம் பேசிய ஒரு வங்காளித் தம்பதியிடம், ஒன்றும் அவசரமில்லை, எதிர்வீட்டுக்காரர்கள் உங்களைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்றார். அவர்கள் அன்றைக்கே கொடுத்தார்கள். அண்ணன் போன் செய்து எப்போது வருகிறாய் என்று கேட்டபோது, "ஒங்க ஜன்னலுக்கு அளவெடுக்கணும்னா சொல்லுங்க, வாரேன். போகவர ரயில் செலவு நீங்க குடுக்கணும்" என்றார். அன்று அவர் சாப்பிட்டதுபோல் சந்தோஷமாக யாரும் வெறும் ரசம் சோறு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு நாம் பாராட்டினோம்.

கடை இருந்த கட்டடத்தில் கணபதி விழா நடந்தபோது செல்வராஜ் அங்கிளும் போயிருந்தார். கட்டட உரிமையாளருக்குப் பக்கத்தில் நாற்காலி கிடைத்தது. எங்கள் மேடம் எப்படிப்பட்டவர் தெரியுமா, கூட்டம் குறைவதே இல்லை, கர்னல் வீட்டுக் கார்கூட அந்த மாடிப்படிக்கு முன்னால் நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்த மராத்தியில் பெருமையாகச் சொன்னார். நம்மவர் ஒருவர் முன்னேறியதை நாலு பேர் அறிய வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு எண்ணம் இல்லை. அவரும் இதை வாசிப்பார். அதனால்தான் இவ்வளவு தெளிவாக எழுதுகிறேன்.

ஆன்ட்டியின் பதினொரு மாதமும் முடிந்தது. உரிமையாளர் மிகவும் மரியாதையாகப் பேசினார். தன் மருமகள் வீட்டில் சும்மா இருக்கிறாள் என்றார். போவதற்கு முன் அவளுக்கு வேலையைச் சொல்லிக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றார். போர்டை அப்படியே விட்டுவிடலாம், வாடிக்கையாளர்கள் குழம்பக்கூடாது அல்லவா என்றார். ஆன்ட்டி மெஷினை மட்டும் ஆட்டோவில் ஏற்றினார். மருமகளுக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. தேவையும் இருக்கவில்லை, நேராகத் தைக்க அவளுக்கும் தெரிந்திருந்தது.

செல்வராஜ் அங்கிள் எங்கள் கட்டடத்துக்கே வந்து வருத்தம் சொன்னார். ஒரு கதவு மூடினால் கர்த்தர் இன்னொன்றைத் திறப்பார் என்றார். ஆன்ட்டி அவருக்குக் காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, நீங்க என்னைய அந்தக் கட்டடக்காரருகிட்ட ஏசியிருந்தீங்கன்னா நான் பொழச்சிருப்பேன்."

அங்கிள் காபியை முழுவதும் குடித்தார்.

அந்தக் கடை இப்போதும் அங்கே இருக்கிறது. நம் சங்கத்தில் பலர் அங்கேதான் திரைச்சீலை தைக்கக் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டுத் திரையையும் அம்மா அங்கேதான் கொடுத்தார். கிட்டத்தில் இருக்கிறது என்றார். புதியவளிடம் காசு கொடுக்க யாருக்கும் சங்கடம் இல்லை.

அண்ணனின் போன்கள் அதிகமாயின. ஆன்ட்டி மூன்றாவது கடைக்காக மறுபடியும் பஸ் நிறுத்தத்தில் உட்காரத் தொடங்கியபோது வயிற்று வலி வந்தது. வலி என்று சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லாமல் இருந்தார். சொன்னபோது டாக்டர்கள், காலம் கடந்துவிட்டது என்றார்கள். நானும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சங்கத்தின் சார்பில் பழக்கூடை ஒன்று கட்டிலுக்குக் கீழே இருந்தது. அவருக்கு அப்போது தண்ணீர்கூட இறங்கவில்லை.

அம்மா நர்ஸிடம் பேசப் போனதும் ஆன்ட்டி என்னைக் கிட்டே வரச் சொன்னார். ஏதாவது ஜெபம் செய்யச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஓர் இடத்தைச் சொன்னார். மாடிப்படிக் கடையைவிடச் சிறிய இடம். அங்கே என்ன வைக்க வேண்டும், யார் வருவார்கள், ஏன் எந்த மொழிக்காரரும் அதை வேண்டாம் என்று சொல்ல முடியாது, ஏன் அதைப் போனில் வரவழைக்க முடியாது என்று வரிசையாகச் சொன்னார். கண்கள் மட்டும் நன்றாக இருந்தன. எழுந்ததும் முன்பணம் பேசப் போகிறேன் என்றார். பேச்சை முடித்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"யாருகிட்டயும் சொல்லிராத ஏட்டி. அதுலயும் நல்லவங்ககிட்டச் சொல்லவே சொல்லாத."

அவருக்காகச் சர்ச் ஹாலில் நடந்த நினைவுக் கூட்டத்தில் உட்கார இடமில்லை. அவ்வளவு பேரையும் அவர் கடை வாசலில் ஒருநாளும் பார்த்ததில்லை. முதல் கடையின் முதல் நாளைத் தவிர்த்துச் சொல்கிறேன். ஒருவர் பின் ஒருவராக எழுந்து அவருடைய கையைப் புகழ்ந்தார்கள்.

சென்ற சனிக்கிழமை தனியாகப் போய் அந்த இடத்தைப் பார்த்தேன். ஷட்டர் மூடியிருந்தது. எதிரே நின்றேன். ஆன்ட்டி சொன்ன மாதிரியான ஆட்கள் வந்தார்கள். அவர் சொன்ன பொருளையே பக்கத்து வாசலின் காவலாளியிடம் கேட்டார்கள். அது இங்கே எங்கும் கிடைக்காது என்று காவலாளி அலுப்போடு சொல்லி அனுப்பினார். வெகுநேரம் நின்றிருந்தேன். வந்தவர்கள் கேட்டபடியே இருந்தார்கள்.

எஸ்தர் ஆன்ட்டியிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த இடம்தான். படிப்பு முடிந்து எனக்கென்று கொஞ்சம் பணம் சேரும்வரை அது காலியாகவே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அது எங்கே இருக்கிறது என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் பாராட்டிவிடுவீர்கள்.