மஞ்சளுக்கு வாங்கிய மைக்ராஸ்கோப்

எங்கள் கல்லூரியில், லேசர் பட்டு ஒளிர்வதைப் பெரிதாக்கிக் காட்டும் ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப் வாங்கிய கதையைக் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

மல்லிகை வேரை அழுகவைக்கும் பூஞ்சை உயிருள்ள வேருக்குள் எப்படிப் புகுகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. நீல லேசரை அடித்தால் வேரே பச்சையாக ஒளிரும். பூஞ்சை அதற்குள் காணாமல் போய்விடும். ஆகவே எனக்குச் சிவப்பு லேசர் வேண்டும். சற்றுத் தள்ளி நின்றே வேரின் ஆழத்தைப் பார்க்கிற இருபது மடங்கு லென்ஸும் வேண்டும். ஒரு லேசர், ஒரு லென்ஸுக்குத்தான் அனுமதி கிடைத்திருந்தது. என் வழிகாட்டியான துறைத்தலைவரிடம் இதையெல்லாம் விளக்கினேன். இருபதைவிட நூறு பெரிதில்லையா என்று கேட்டார். இத்தனைக்கும் படித்துப் பட்டம் வாங்கிய மனிதர். நூறு மடங்கு லென்ஸ் ஸ்லைடை ஒட்டி நிற்கும், ஆழத்துக்குப் போகாது என்றால், தலையை ஆட்டிவிட்டு டீ சொல்லுவார்.

கம்பெனி இன்ஜினியர் நீல லேசரும் நூறு மடங்கு லென்ஸும் மாட்டிய கருவியை மாதிரிக்குக் கொண்டுவந்தார். துறைத்தலைவர் முதல் வேலையாக மஞ்சளைக் குழைத்து அதற்குப் பொட்டு வைத்தார். அதே விரலால் என் வேர்த்துண்டை எடுத்து ஸ்லைடில் வைத்தார். திரையில் பச்சைத் திட்டுகள் ஜொலித்தன. பூஞ்சை என்று அறிவித்தார். இன்ஜினியரும் வாய்கூசாமல் ஆமாம் சார் என்றார். உடனே பரவையில் காய்கறி மண்டி நடத்தும் எங்கள் தாளாளருக்குப் போன் பறந்தது.

அவர் வந்து உட்கார்ந்ததும், புது ஸ்லைடில் மஞ்சளை மட்டும் தடவி வைத்துக் காட்டினேன். அதே பச்சை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

தாளாளர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மஞ்சளே இம்புட்டு பளிச்சுன்னு தெரியுதுன்னா, மத்ததெல்லாம் எம்புட்டு நல்லாத் தெரியும்? இதையே எடுத்துருங்க."

சற்றுமுன் அதைப் பூஞ்சை என்று அறிவித்த துறைத்தலைவரின் வாய், கொஞ்சமும் கூச்சமில்லாமல் கரெக்ட் சார் என்றது.

வாங்கியாயிற்று. வேரை வைத்துக் குவித்துப் பார்த்தேன். பூஞ்சை இருக்கும் ஆழத்துக்கு இறங்குமுன்பே லென்ஸ் கண்ணாடியில் இடித்தது. போய்ச் சொன்னேன். துறைத்தலைவர் செல்போனிலிருந்து நிமிரவே இல்லை.

"இம்புட்டுப் பெரிய மிஷின வாங்கிக் குடுத்தாச்சு. அதுக்குத் தக்கன நீங்கதாம்மா தலைப்ப மாத்திக்கிறணும். மஞ்சள்லயே பண்ணுங்க."

வேர்களை எல்லாம் குப்பையில் கொட்டினேன். இப்போது என் ஆய்வு மஞ்சளில்தான். வழிகாட்டி என்று அட்டையில் அவர் பெயரைத்தான் போட வேண்டும்.