மலைவழி காட்டிய நானும் முதல் போட்ட அம்மாவும்

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் போராட்டம் நடந்த ஆண்டுகள் அவை. கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம் போகும் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. நான் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர்க்காரன். வியாபாரிகளையும் சர்வே ஆட்களையும் காட்டுப்பாதையில் கூட்டிப் போய் விடுவதுதான் அப்போது என் பிழைப்பு.

மழைக்காலம். மலையைத் தாண்டி ஆத்தூர் பக்கம் இறங்க வேண்டும் என்று இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கள்ளக்குறிச்சி அம்மா, ஐம்பதை நெருங்கும் வயது. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு முதல் போட்டு, லாபமோ நஷ்டமோ பங்கு எடுத்துக்கொள்வார். அப்படி அவர் ஆத்தூர் பக்கம் முதல் போட்ட ஜவ்வரிசி ஆலையின் இன்ஜினியர் இன்னொருவர். விவசாயிகள் மரவள்ளியை, எங்கள் பேச்சில் குச்சிக்கிழங்கை, தோண்டி ஆலை வாசலில் குவித்துவிட்டார்கள். இந்தக் கிழங்கு நாலு நாள் தாங்காது. இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவரோ இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். அதனால்தான் நடந்தே கிளம்பிவிட்டார்கள்.

ஏறும்போது அந்த அம்மா பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

"எத்தினி பேர பாதியில திருப்பிக் கூட்டிக்கினு வந்திருக்க தம்பி?"

"கொஞ்ச பேர் இல்லீங்கம்மா. மழைன்னா ஜாஸ்தி."

"எனக்கும் அப்பிடித்தான். முதல் கேட்டு வர்றவங்கள்ல முக்காவாசி பேருக்கு வேணாம்னுதான் சொல்றேன்," என்று சிரித்தார்.

மத்தியானம் ஓடைக்கு வந்தோம். முழங்கால் அளவுதான் தண்ணீர். தலைக்கு மேல் நல்ல வெயில். ஆனால் தண்ணீர் செம்மண் நிறமாக மாறிக்கொண்டிருந்தது, பச்சை இலைகள் மிதந்து வந்தன. மேலே எங்கோ மழை கொட்டியிருக்கலாம். கொட்டாமலும் இருக்கலாம். சத்தியமாக எனக்கு நிச்சயம் இல்லை. இறங்க வேண்டாம், உச்சிவரை ஏறிச் சுற்றிப் போகலாம் என்றேன்.

இன்ஜினியருக்குப் பொறுக்கவில்லை. "இன்னாங்க இது, முட்டித் தண்ணிக்கா சுத்தறது? அங்க குச்சிக்கிழங்கு அழுவிக்கினு கெடக்குது. எத்தினி குடும்பத்தோட வெள்ளாமை அது!"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இருவரும் அந்த அம்மாவைப் பார்த்தோம். அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆலைக்கு உங்கள நம்பி முதல் போட்டேன். இங்க இவர நம்பித்தான் உசுர வெச்சிருக்கேன். வேணாம்னா வேணாம்தாங்க."

அதற்குள் இன்ஜினியர் ஒரு காலை ஓடைக்குள் வைத்துவிட்டார். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் கரையில் மல்லாக்க விழுந்தோம். எழுந்திருப்பதற்குள் மேலே இரைச்சல் கேட்டது. வேரோடு பெயர்ந்த ஒரு மரம், கற்களோடும் சேற்றோடும் எங்கள் முன்னால் உருண்டு போனது. அவர் கால் வைத்த பாறையைக் காணவில்லை.

முதலில் அந்த அம்மாவுக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு இன்ஜினியருக்கு, பிறகு எனக்கு. கிழிந்த சட்டையைக் காட்டிக் காட்டிக் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

உச்சியைச் சுற்றி மறுநாள்தான் இறங்கினோம். ஆலை வாசல் குவியலின் மேல் கிழங்கு கறுத்திருந்தது, அடியில் இருந்தது தப்பித்தது. இயந்திரம் ஓடியது. இன்ஜினியர் முதலில் வந்த மாவை ஈரத்தோடு அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார்.

மனசில் கிடந்ததை அந்த அம்மாவிடம் சொன்னேன். "வெள்ளம் மட்டும் வரலன்னா என் பேரே கெட்டிருக்கும்மா."

"வரலன்னாலும் நீ சொன்னது சரிதான். அந்த நேரத்துக்கு உன் கண்ணுல பட்டத வெச்சுத்தான சொல்ல முடியும்? எங்கூட வந்துடு தம்பி. என் வேலையும் அதேதான்."

எங்கள் வீட்டுப் பயிர் அறுப்பு முடிந்ததும் அவரிடம் போனேன். பல வருஷம் அவரோடு ஊர் ஊராகச் சுற்றி, தொழில் தொடங்க நினைக்கும் ஆட்களைப் பார்த்தேன். பிறகு நானே சின்ன அளவில் முதல் போட ஆரம்பித்தேன். சில தொழில்கள் நிலைத்து நின்றன, சில படுத்தன. நான் வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு கடை இன்று கள்ளக்குறிச்சியில் ஓகோவென்று நடக்கிறது. அதைக் கடந்து போகும்போது யாராவது கேலி செய்தால் நானும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொள்கிறேன். முடிவு எப்படிப் போனாலும் நிம்மதியாகத் தூங்குகிற மனசை அந்த ஓடைக்கரையில் ஒரு அம்மா எனக்குக் கொடுத்துவிட்டார்.