சொம்பு தூக்கியவன்

அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது: சொம்பு. மேலதிகாரிக்கு ஜால்ரா போடுகிறவனை இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள். நாவலூரில், எங்கள் கேன்டீனில் ஒருநாள் எல்லோரும் மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்தபோது, அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று வாயைத் திறந்தேன். பக்கத்து சீட்டுக்காரன் சிரித்தான்.

"இன்னா மச்சான், காலைலயே சொம்பத் தூக்கினு வந்துட்டியா?"

பஞ்சாயத்தில் நாட்டாமை வெற்றிலை துப்புவதற்குச் சொம்பு ஏந்தி நின்ற கையாளிடமிருந்து வந்த சொல் என்று அவனே விளக்கமும் சொன்னான். இருக்கலாம். எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கோயிலில் அவர் அர்ச்சகர். பெரிய மனிதர்கள் வந்தால் பூரண கும்பத்தோடு வாசலில் நிற்பார். காலையில் வருவதாகச் சொன்ன கார் உச்சி வெயிலில்தான் வரும். வந்தவர் கும்பத்தை இரண்டு விரலால் தொட்டுவிட்டு, அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விடுவார். வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம், "என்னைப் பார்த்துச் சிரிச்சார், தெரியுமோ?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆட்குறைப்புப் பேச்சு கிளம்பியிருந்த நேரம். நாற்பத்தைந்து வயதில் எனக்கு இன்னொரு வேலை யார் கொடுப்பார்கள்? அதனால் தூக்கினேன். நன்றாகவே தூக்கினேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களை மேனேஜர் மாமல்லபுரம் கூட்டிப்போனபோது, இந்தப் பக்கத்து ஆள் என்று என்னையும் வரச் சொன்னார். முன்கூட்டியே போய்க் கடற்கரைக் கோயில் வாசலில் காத்திருந்தேன். இளநீருக்குச் சொல்லிவைத்தேன், குடை பிடித்தேன். கிளம்பும்போது அவர் என் தோளைத் தட்டினார். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் முதலில் சொன்னது அதைத்தான்.

அடுத்த மாதம் என்னை அனுப்பிவிட்டார்கள். யாரை அனுப்புவது என்று முடிவு செய்தவர் அவரேதான். வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டிய பக்கத்து சீட்டுக்காரன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். அவனில்லாமல் வேலை நடக்காதாம். நான் நல்ல மனுஷனாம். இந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கடைசி நாள் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு லிஃப்டில் ஏறினேன். கதவு மூடப்போகும் நேரத்தில் மேனேஜர் வருவது தெரிந்தது. அந்த ஆள் முகத்தில் இனி விழிக்கவே கூடாது என்றுதான் நினைத்தேன். அதற்குள் என் கை கதவைப் பிடித்து நிறுத்தியிருந்தது.

அவர் போன் பேசியபடியே ஏறிக்கொண்டார்.