முதலில் அருவி, பிறகு அத்தான்

அந்த வருஷம் தென்காசிக்குச் சாரலோடு ஃபுளூ காய்ச்சலும் வந்தது. அக்காவின் கணவருக்கு ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு. "காய்ச்சலடிச்சு உடம்புல தண்ணி வத்துனா, இருக்கிற கிட்னியும் நின்னுபோகும். யாரையும் கிட்ட விடாதீங்க" என்றார் டாக்டர்.

நோயாளியைப் பார்க்க வராமல் எங்கள் சொந்தக்காரர்கள் இருப்பார்களா? ஆரஞ்சுப் பழங்களோடு கூட்டமாக வந்தார்கள். வராதே என்றால் ஆயுசுக்கும் பகை. அக்கா அழாத குறை.

ஃபுளூவால் கல்லூரி மூடியிருந்ததால், அக்கா வீட்டில் தங்கியிருந்த நான் வாசலில் நின்றுகொண்டேன். "சித்தப்பா, குற்றாலத்துல தண்ணி கொட்டோ கொட்டுனு கொட்டுது! முதல்ல அருவி, பொறவு அத்தான்!" என்று பஸ் ஏற்றிவிட்டேன். குளித்துக் களைத்தவர்கள் அப்படியே ஊருக்குப் போய்விட்டார்கள்.

ஒருநாள் நானும் போய் ஆசை தீரக் குளித்தேன். திரும்பி வந்து படியேறியதும் ஒரு தும்மல்.

உள்ளேயிருந்து அத்தான் கத்தினார்: "ஏலே மாப்ள, அங்கனயே நில்லு! ஊரையே வெரட்டிட்டு நீ மட்டும் உள்ள வருதியோ?"

அக்கா சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள். ஏற்கெனவே ஃபுளூ வந்து தேறியிருந்த நண்பன் வீட்டில் காய்ச்சலோடு கிடந்தேன். எழுந்த பிறகும் குடையோடு தெருவில் நின்று, ஜன்னல் வழியாகத்தான் அத்தானோடு அரட்டை. சாரல் முடியும்வரை அவருக்குக் காய்ச்சல் வரவேயில்லை.

அந்தத் தெருவில் நின்றபோது இருந்த நெருக்கம், அதற்குமுன் எனக்கும் அவருக்கும் இருந்ததில்லை.