முக்கோண மனிதன் தூக்கிய விரல்

தேதி இல்லாத பொருள் ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. யாங்கோனில், பன்ஸோடான் தெருவில் பழைய புத்தகம் விற்பவரிடம் அந்தத் தகர டப்பாவை வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான் இருந்தேன். உள்ளே ஒரு பதினாறு மில்லிமீட்டர் ஃபிலிம் சுருள். தலைப்பு இருந்த முன்பகுதி கிழிந்து போயிருந்தது. அதோடு ஆண்டும் போயிற்று.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துக் கட்டம் கட்டமாகப் பார்த்தேன். கார்ட்டூன். ஆனால் உருண்டைக் கண்ணும் பஞ்சு உடம்புமாகத் திரியும் பிராணிகள் ஒன்றுகூட இல்லை. வண்ணக் காகிதத்தை வெட்டி ஒட்டினாற்போல் தட்டையான உருவங்கள். வீடு என்றால் நாலு கோடு, மரம் என்றால் ஒரு பச்சை முட்டை. சாய்ந்த கால் மேசை, கொம்பு முளைத்த தொலைக்காட்சிப் பெட்டி. படித்ததையெல்லாம் ஞாபகப்படுத்தி, ஐம்பதுகளின் நடுப்பகுதி என்று முடிவு கட்டினேன். எல்லாவற்றையும் நிஜம்போல் வரைந்து சலித்துப்போன கார்ட்டூன்காரர்கள், நவீன ஓவியர்களைப் பார்த்துக் கோணல்மாணலாக வரையத் தொடங்கியிருந்த காலம் அது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும் அப்படிப் படம் எடுத்தார்கள். இதில் பாடம், சங்கீதம். ஆனால் ‘நடுப்பகுதி’ என்பது ஓர் ஆண்டு ஆகுமா?

“உங்களுக்கு வருஷம் வேணும், எனக்குப் படம் வேணும். குடுங்க இங்க,” என்றாள் என் மனைவி.

அவளுக்குப் படம் வேண்டியிருந்ததற்குக் காரணம் இருந்தது. போட்டாதாங் பக்கம் எங்கள் கோயில் மண்டபத்தில் ஞாயிறு மத்தியானம் அவள் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு நடத்துகிறாள். பிள்ளைகள் அவளை சயாமா என்பார்கள். இங்கே டீச்சருக்கு அதுதான் பெயர். அந்த ஆவணியில் கோயில் தலைவர், லான்மடாவில் இரும்புக் கடை வைத்திருப்பவர், அந்த நேரத்தை ஒரு டேக்வாண்டோ மாஸ்டருக்குக் கொடுக்க நினைத்தார்.

“கோவிச்சுக்காதீங்க சயாமா. அந்த மாஸ்டரு வகுப்புல நாப்பது பிள்ளைங்க நின்னாலும் மூச்சுச் சத்தம் கேக்காது. உங்க வகுப்புல சந்தைக்கடையா இருக்கு. அடக்கம்னு ஒண்ணு வேணாமா?”

“பாட்டு வகுப்புல சத்தம் வராம சாம்பாரா வரும்?” என்று கேட்டாள் இவள். ஆனால் அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. பிள்ளைகள் ஆரம்பிப்பார்கள், நிறுத்த மாட்டார்கள். நிறுத்தம் என்ற ஒன்றை மட்டும் அவளால் அந்த வருஷம் முழுதும் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. கடைசியில் தலைவர் ஒரு ஞாயிறு வந்து தாமே பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்றுக்கொண்டார்.

சுருளின் கடைசிப் பகுதியைப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஒரு முக்கோண மனிதன். வாத்தியங்களையெல்லாம் ஒரு நீளமான பஸ்ஸில் ஏற்றி ஓட்டி வருகிறவன் அவன். மலை ஏறினால் சுருதி ஏறும், இறங்கினால் இறங்கும். அவன் ஒற்றை விரலைத் தூக்கி நிற்கிறான். அந்தப் படம் மாறாமலே முழக்கணக்கில் போகிறது. ஃபிலிமின் ஓரத்தில் ஒலிக்கென்று ஒரு கோடு அலை அலையாக ஓடுமே, அது அங்கே அலையடிக்காமல் நேராகக் கிடந்தது.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

“மௌனம்,” என்றாள். “வரைஞ்சே வச்சிருக்கான் படுபாவி.”

தலைவர் பார்க்க வந்த அந்த ஞாயிறு நல்ல மழை. காலையில் மண்டபத்தில் ஒரு கல்யாணம் முடிந்திருந்தது. வாழைமரம் கட்டியபடி இருந்தது; அட்சதைத் தட்டு மேடையில் இருந்தது; தன்லியினிலிருந்து வந்த மேளக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு, மழை விட்டதும் பஸ் பிடிக்கலாம் என்று மூலையில் கண்ணயர்ந்திருந்தார்கள். கரண்ட் வழக்கம்போல் இல்லை. கோயில் ஜெனரேட்டரைப் போட்டோம். அது புரொஜெக்டரை மட்டும்தான் தாங்கும்.

புரொஜெக்டர் லான்மடாவில் இருந்த ஒரு சீனக் கிழவருடையது. அவரே தூக்கி வந்து, கல்யாணத்துக்குக் கட்டிய வெள்ளைத்துணியைத் திரையாக இழுத்துக் கட்டி, ஃபிலிமை மாட்டினார். படம் விழுந்தது. சத்தம் விழவில்லை. ஒலியை எடுக்கும் சின்ன பல்பு செத்துவிட்டதாம். அந்த பல்பை இனி யாங்கோனில் எங்கே தேடுவது?

“யாபாதே,” என்றார் கிழவர். பர்மியப் பேச்சில் அது ‘பரவாயில்லை’. பரவாயில்லை என்று சொல்ல அவருக்கு என்ன, வகுப்பு அவருடையதா?

முன்வரிசையில் தலைவர், கையில் வறுத்த பட்டாணிப் பொட்டலத்தோடு, “பாட்டுப் படம், பாட்டு இல்லையா?” என்று மெதுவாகக் கேட்டார்.

என் மனைவி ஒரு நிமிஷம் திரையைப் பார்த்தாள். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். “சத்தம் நம்ம போடுறோம். கழுத்து நீண்ட அந்தம்மா வந்தா ஹார்மோனியம். வட்டமா ரெண்டு கால் வச்சவன் வந்தா பக்கெட். குழாய் மூக்கன் வந்தா புல்லாங்குழல். மூணு மூலை ஆளு விரலைத் தூக்கினா ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது. அவன் இறக்கினதும் மணி, ஒரே ஒரு தடவை. மணி யாருட்ட?”

கன்னமெல்லாம் தனாக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிய ஒரு சின்னப் பெண் பூஜை மணியைத் தூக்கிக் காட்டினாள்.

படம் ஓடியது. நீல வெளியில் ஒரு கறுப்புக் கோடு நடந்து வந்து, தடுக்கி விழுந்து, அதிர்ந்து, தந்தியாயிற்று. தந்திக்குக் கழுத்து முளைத்தது. ஹார்மோனியம் கேட்டது. வட்டக்காரன் துள்ளி வந்தான்; பக்கெட் அலறியது. நான் தமிழில் விளக்கம் சொல்லத் தொடங்க, பிள்ளைகளுக்கு அது பாதிதான் புரிய, என் மகள் பர்மியத்தில் சொல்ல, இருவரும் ஒரே சமயம் கத்தினோம்.

மூலையில் தவில்காரர் கண் விழித்தார். கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு எழுந்தே வந்தார்.

“அந்த பக்கெட்ட கீழ வைப்பா. சாப்பிட்ட சாப்பாடு கலங்குது.”

தவிலை மாட்டிக்கொண்டார். வட்டக்காரன் ஒரு அடி வைத்தால் இவர் நாலு சொல் வைத்தார். அதைக் கேட்டு நாதஸ்வரக்காரரும் எழுந்து, “குழாய் மூக்கன நான் பாத்துக்கறேன்,” என்றார். பஸ் மலையேறியபோது நாதஸ்வரமும் ஏறியது பாருங்கள், பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து ஏறினார்கள். பஸ் இறங்கியபோது எல்லோரும் முன்னால் குப்புறச் சரிந்தார்கள். ஒரு பையன் தலைவர் மடியில் விழுந்தான்.

வாசலில் கூட்டம் சேர்ந்தது. வாஸோ மாதத்திலிருந்து மூன்று மாதம், புத்த விரத காலம் என்று, பர்மியர்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அந்த நாட்களில் எங்கள் மேளம் கேட்டால் தெருவே எட்டிப் பார்க்கும். டீக்கடையிலிருந்தும், சைக்கா என்ற சைக்கிள் ரிக்‌ஷா நிறுத்தத்திலிருந்தும் நனைந்தபடி வந்து நுழைந்தார்கள். “பொண்ணு எங்க?” என்று ஒரு பர்மிய அம்மா கேட்டாள். என் மகள் திரையிலிருந்த நீண்ட கழுத்தைக் காட்டினாள்.

அப்போது முக்கோண மனிதன் பஸ்ஸை நிறுத்தி, விரலைத் தூக்கினான்.

பிள்ளைகள் நிறுத்திவிட்டார்கள். அதை நான் இங்கே சத்தியமாகப் பதிவு செய்கிறேன். ஆனால் ஃபிலிமின் ஓரத் துளைகள் தேய்ந்து போயிருந்தன. நின்ற படம் நடுங்கியது. ஆளுயர விரல் ஒன்று, வெள்ளைத்துணியில், விடாமல் ஆடியது. தாலி கட்டும் நேரத்தில் பெரியவர்கள் மேளக்காரர்களைப் பார்த்து ஆட்டுவார்களே, அதே விரல், அதே ஆட்டம். தவில்காரர் எத்தனை ஆயிரம் கல்யாணத்தில் அந்த விரலைப் பார்த்திருப்பார்? கை தானாகப் போய்விட்டது.

கெட்டி மேளம் கொட்டினார்கள். மண்டபம் இடிந்துவிடும் போலக் கொட்டினார்கள்.

கெட்டி மேளம் கேட்டால் எங்கள் ஜனங்களுக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். அட்சதைத் தட்டு எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை. முக்கோண மனிதன் மீது மஞ்சள் அரிசி மழையாக விழுந்தது. அரிசி கிடைக்காதவர் ஒருவர் கையில் இருந்த பட்டாணியை முழுதாக வீசினார். அவர் தலைவர்.

சுருள் முடிந்து திரை வெறும் வெளிச்சமானது. மேளம் நின்றது. தவில்காரர் சுற்றிலும் பார்த்தார்.

“யாருக்குக் கல்யாணம்?”

நான் சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி சிரிக்கவில்லை. ஹார்மோனியத்தின் மேல் நெற்றியை வைத்திருந்தாள். ஒரு வருஷமாகக் காத்திருந்த நிறுத்தம் வந்து, வந்த இடத்திலேயே போய்விட்டது. தலைவர் சட்டையிலிருந்த அரிசியைத் தட்டினார்.

“இதைத்தான் சயாமா நான் சொன்னேன். அடக்கம்…”

“தலைவரே,” என்றாள் அவள் தலை தூக்காமல். “பட்டாணி எறிஞ்சது பிள்ளைங்களா?”

அவர் காலிப் பொட்டலத்தைப் பார்த்தார். சீனக் கிழவர் யாரையும் கேட்காமல் ஃபிலிமைத் திருப்பிச் சுற்றத் தொடங்கியிருந்தார்.

இரண்டாம் ஆட்டத்தில் எல்லோருக்கும் வழி தெரிந்திருந்தது. டீக்கடைக்காரர்களே கழுத்தம்மாவை வரவேற்றார்கள். மலையேற்றத்தில் மண்டபம் மொத்தமும் சாய்ந்தது. பஸ் நின்றது. தவில்காரர் குச்சியைத் தூர வைத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்தார். விரல் எழுந்து ஆடியது. அவர் தோள் மட்டும் துடித்தது.

ஒருவரும் அசையவில்லை. மழையும் புரொஜெக்டரின் கடகடப்பும்தான்.

அந்த நேரம் பார்த்துத்தானா வர வேண்டும்? கரண்ட் வந்தது. விளக்கெல்லாம் எரிந்தன, விசிறிகள் சுற்றின. யாங்கோனில் கரண்ட் வந்தால் எந்த வீட்டுப் பிள்ளையும் “மீ லாப்யி” என்று கத்தும், ‘விளக்கு வந்தாச்சு’. அதற்குப் பழக்கம் வேண்டாம், மூச்சு போதும். வெளியே தெரு முழுக்க அந்தக் கூச்சல் எழுந்தது. பக்கத்து மாடியில், எதிர் மாடியில், படித்துறை வரைக்கும்.

எங்கள் பிள்ளைகள் கத்தவில்லை. வாய் திறந்திருந்தது, கண் பிதுங்கியிருந்தது, ஒருத்தி தம்பியின் வாயைப் பொத்தியிருந்தாள். தலைவருக்கும் வாய் திறந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் அவரைப் பார்த்த பார்வையில் அது மூடிக்கொண்டது. விளக்கு வெளிச்சத்தில் முக்கோண மனிதன் வெளிறி, கோடு மட்டுமாகத் தெரிந்தான். அந்தக் கோட்டையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். விரல் இறங்கியது.

சின்னப் பெண் மணியை ஆட்டினாள். ஒரே ஒரு தடவை.

பிறகுதான் “மீ லாப்யி” கிளம்பியது. பிள்ளைகளோடு சைக்காக்காரர்கள், மேளக்காரர்கள், என் மனைவி எல்லோரும் கத்தினார்கள். தவில்காரர் கைகளை விடுவித்துக்கொண்டு ஒரு முழு கெட்டி மேளம் போட்டார், இப்போது யாரும் விரல் தூக்காமலே.

தலைவர் அருகில் வந்தார். “சயாமா, அந்த மாஸ்டர சனிக்கிழமை வரச் சொல்லிடறேன்.”

“சொல்லுங்க,” என்றாள் அவள், துடைப்பத்தை அவர் கையில் கொடுத்து. “காலுக்குக் கீழ பட்டாணி. யாராவது வழுக்கி விழுந்துடப் போறாங்க.”

அவர் பெருக்க ஆரம்பித்தார். முன்வரிசையைப் பெருக்கி முடிப்பதற்குள் சீனக் கிழவர் மூன்றாவது முறையாக ஃபிலிமை மாட்டியிருந்தார். தலைவர் துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.